சவுண்டு செட்டில் விடாத இரைச்சல்: காரணம் வீட்டின் நீளம்

கானாடுகாத்தானில் ஒரு அறுபதாம் கல்யாணம். வாடகைக்கு எடுத்த சவுண்டு செட்டை முதல் நாளே கட்டிவிட்டோம். ஆன் செய்ததுமே ‘ம்ம்ம்’ என்று விடாத இரைச்சல். “உள்ள வண்டு புகுந்திருச்சா தம்பி?” என்றார் வீட்டு ஆச்சி.

மைக், கேபிள் எல்லாம் மாற்றிப் பார்த்தோம். மைக் ஒலிகளைக் கலந்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் மிக்சரையே மாற்றினோம்; காரைக்குடியிலிருந்து வேறு வந்தது. பலனில்லை. செட்டுக்காரப் பையன் பிளக்கின் எர்த் பின்னை ஒடிக்கக் கிளம்பினான், தடுத்துவிட்டேன். இரைச்சல் நிற்கலாம், ஆனால் மிக்சரில் கரண்ட் கசிந்தால் மைக் பிடித்தவருக்குத்தான் ஷாக்.

கண்டுபிடிக்க உதவியது ஒரு விசித்திரம். மிக்சர் சுவிட்சை அணைத்தாலும் இரைச்சல் இருந்தது. பிளக்கைப் பிடுங்கினால்தான் நின்றது. சுவிட்ச் கரண்டை நிறுத்துமே தவிர எர்த்தைத் துண்டிக்காது. அப்படியானால் கோளாறு எர்த் வழியில்தான்.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். மிக்சர் முகப்பில், வீட்டு பாயிண்டில் இருந்தது. வளவில், அதாவது உள்முற்றத்தில், இருந்த ஆம்ப்ளிஃபையருக்கோ பின்தெரு ஜெனரேட்டர். ஆக, இரண்டு எர்த். அவற்றுக்கிடையே உள்ள வோல்டேஜ் வித்தியாசம் ஆடியோ கேபிளின் ஷீல்டு (உள் வயரைச் சுற்றியுள்ள உலோக உறை) வழியாக மின்னோட்டமாக ஓடி, 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளுமாக ஸ்பீக்கரில் இரைந்திருக்கிறது.

ஆம்ப்ளிஃபையர் இருந்த அதே போர்டிலிருந்து எர்த்தும் சேர்ந்த மூன்று கோர் வயரை முகப்பு வரை இழுத்து மிக்சருக்குக் கொடுத்தோம். இரண்டுக்கும் ஒரே எர்த் ஆனதும் நின்றது. அப்பாடா!

பாட்டுப் போட லேப்டாப்பை மாட்டியதும் சார்ஜரால் லேசாக மீண்டும் வந்தது. அதற்கு மட்டும், லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே, ஆடியோ கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டியை வைத்தோம். அந்தப் பெட்டிக்கு வாடகை தனி.