கனசாவா பழைய தெருக்கள நடந்து பாக்கணும்னா தண்ணி போற வழியிலயே போங்க

டோக்கியோவுல ஷிங்கான்சென் (புல்லட் ரயில்) ஏறினா ரெண்டரை மணி நேரத்துல கனசாவா வந்துடும். ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா பெரிய கண்ணாடி கூரை, ஹோட்டலுங்க, பஸ் ஸ்டாண்டு, எல்லாமே புதுசு, பழைய ஊர் எங்கன்னு தேடத் தோணும். ஆனா ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பானோட நிறைய ஊருங்க குண்டு விழுந்து எரிஞ்சப்போ இந்த ஊர் தப்பிச்சுது, அதனால 1583ல மயேதா தொஷியியேங்கிற பிரபு வந்து உக்காந்த கோட்டைய சுத்தி வளர்ந்த தெருக்கள் நிறைய இடத்துல அதே வளைவோட இன்னிக்கும் இருக்கு. வீட்ட இடிச்சு கட்டிருப்பாங்க, தெரு மாறல. இத மனசுல வச்சுட்டு நடந்தா தான் ஊர் புரியும்.

முதல்ல கால். உள்ள போய் பாக்குற பழைய வீடுங்கள்ல ஷூவ கழட்டணும், அதனால லேஸ் கட்டாத ஷூ போடுங்க, குளிர்காலம்னா தடி சாக்ஸ், அந்த மரத்தரை ஐஸ் மாதிரி இருக்கும். பனி விழுற மாசத்துல ரோட்டு நடுவுல இருக்குற குழாய்ல இருந்து நிலத்தடி நீர பீச்சி பனிய கரைப்பாங்க, ரோடு பூரா தண்ணி நிக்கும், சாதா ஷூ அஞ்சே நிமிஷத்துல நனஞ்சுடும். குடை கட்டாயம். "மதிய சாப்பாட்ட மறந்தாலும் குடைய மறக்காத"ன்னு அந்த ஊர்க்காரங்க சொல்றது சும்மா இல்ல, காலைல வெயில், பத்து மணிக்கு மழை, திரும்ப வெயில்.

காலைல 7 மணிக்குள்ள ஹிகாஷி சாயாங்கிற பழைய பேட்டைக்கு போயிடுங்க. ஸ்டேஷன்ல இருந்து பஸ் ஏறி ஹாஷிபாச்சோ ஸ்டாப்புல இறங்கி அசானோ ஆத்துப் பாலத்த தாண்டினா வந்துடும். பத்து மணிக்கு மேல கூட்டம் தெருவ அடைச்சுடும், தங்க இலை ஒட்டுன ஐஸ்க்ரீம கைல வச்சுட்டு எல்லாரும் போட்டோ எடுப்பாங்க (ஜப்பான்ல தயாராகுற தங்க இலையில 99 சதவீதம் இந்த ஊர்ல தான்). கடை திறக்காத நேரத்துல தெரு மட்டும் தான் இருக்கும், அது தான் வேணும். 1820ல கெய்ஷாக்கள் (விருந்துல ஆடிப் பாடுற பெண் கலைஞர்கள்) விருந்து நடத்த அரசு அனுமதியோட உருவான பேட்டை இது, அந்தக் காலத்துல மத்த இடத்துல மாடி வீடு கட்டவே தடை, இங்க மட்டும் மாடி.

ஒரு வீட்டு முன்னாடி நின்னு மரச்சட்டத்த கிட்ட போய் பாருங்க. கிமுசுக்கோன்னு பேரு. ஒவ்வொரு கட்டையும் வெளிப்பக்கம் அகலமா, உள்பக்கம் குறுகலா சீவி வச்சிருப்பாங்க, அதனால தெருவுல நிக்கிற நமக்கு உள்ள ஒண்ணும் தெரியாது, உள்ள இருக்குறவங்களுக்கு தெரு நல்லா தெரியும். இத தெரிஞ்சுட்டு நடந்தா ஒவ்வொரு வாசலும் வேற மாதிரி தெரியும். கடை திறந்ததும் ஷிமாங்கிற பழைய கெய்ஷா வீட்டுக்குள்ள மட்டும் போங்க, 1820ல கட்டுனது, பெருசா மாத்தாம வச்சிருக்காங்க. மத்தத விட்டாலும் பரவால்ல.

அடுத்து ஓமிச்சோ மார்க்கெட், சாப்பாட்டுக்கு. பதினஞ்சு நிமிஷ நடை. அங்கிருந்து இன்னொரு பதினஞ்சு நிமிஷம் தெக்கால நடந்தா நாகாமாச்சி, சாமுராய்ங்க குடியிருந்த இடம். இங்க தான் மேப்ப மூடி வச்சுட்டு தண்ணிய பிடிச்சுட்டு நடக்கணும். ஊருக்குள்ள 55 கால்வாய் ஓடுது, மொத்தம் சுமார் 150 கிலோமீட்டர், அதுல ஓனோஷோ கால்வாய் மண்சுவத்த ஒட்டியே போகும். நான் மொத தடவ போன்ல வழி பாத்துட்டு போனேன், முட்டுச்சந்துல தான் நின்னேன். ரெண்டாவது தடவ தண்ணி சத்தத்த கேட்டுட்டு போனப்போ தான் தெரு ஏன் இப்படி திரும்புதுன்னு விளங்குச்சு. இங்க இருக்குற நோமுராங்கிற சாமுராய் குடும்பத்து வீட்டுத் தோட்டத்துல ஓடுற தண்ணியும் இதே கால்வாய்ல இருந்து வர்றது தான். டிசம்பர்ல போனா மண்சுவரு மேல வைக்கோல் பாய் தொங்கும், பனி ஒட்டி மண் உதிரக்கூடாதுன்னு போடுறது, மார்ச் வரைக்கும் இருக்கும். இந்த சந்துல மக்கள் வாழுறாங்க, வாசல் கதவு தொறந்திருந்தா எட்டிப் பாக்காதீங்க, சுவத்துல சாயாதீங்க.

கால் வலிச்சா கொஞ்சம் உக்காந்துட்டு, சாயங்காலம் இருட்டுறதுக்கு அரை மணி முன்னாடி திரும்ப அசானோ ஆத்துக்கு வந்துடுங்க, ஹிகாஷிக்கு எதிர்க்கரையில கசுஏமாச்சி, இன்னொரு கெய்ஷா பேட்டை. நடுவுல இந்தப் பகுதியோட பேர அரசாங்கம் மாத்திட்டாங்க, ஜனங்க விடல, 1999ல பழைய பேர திருப்பி வாங்குனாங்க, ஜப்பான்லயே இப்படி வாங்குன மொத ஊர் பகுதி இது தான். எனக்கு ஹிகாஷிய விட இது தான் பிடிக்கும். பின்னாடி குராயாமிஸாக்கான்னு ஒரு படிக்கட்டு சந்து, பேருக்கே இருட்டுச் சரிவுன்னு அர்த்தம், அது வழியா இறங்குங்க, கீழ வரும்போது ஆத்தோர விளக்கு ஒவ்வொண்ணா எரிய ஆரம்பிச்சிருக்கும். கெய்ஷா யாராவது வேலைக்கு போயிட்டிருந்தா வழிய விட்டு ஒதுங்கி நில்லுங்க, கேமராவ தூக்காதீங்க. அப்புறம் நாகானோஹாஷி மரப்பாலத்துல ஏறி நின்னு பாத்துட்டு, ஹாஷிபாச்சோ ஸ்டாப்புக்கு நடங்க, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது.