பழைய மாஸிக்குப் பின்னால் மாட்டுகிறவை

ஒரத்தநாட்டில் எங்கள் வயலில், அப்பா 1984-இல் வாங்கிய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் இன்னும் உழுகிறது. 35 குதிரைத்திறன் வண்டி. இதுபோல் பழைய வண்டி வாங்கியவர்கள் என்ன கலப்பை மாட்டலாம் என்றுதான் கேட்கிறார்கள். மாட்டும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கலப்பையைச் சமதரையில் வைத்து வண்டியை நேராகப் பின்னுக்கு எடுங்கள். வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளில் முதலில் இடது கை, அப்புறம் வலது கை, கடைசியில் அவற்றுக்கு மேலே நடுவில் இருக்கும் டாப் லிங்க் என்ற திருகுக் கம்பி. வலது கையை மட்டும்தான் கைப்பிடி சுற்றி ஏற்றி இறக்க முடியும் என்பதால் இந்த வரிசை. கழற்றும்போது தலைகீழ்.

மண்ணைக் கிளறும் கொத்துகள் ஒன்பது உள்ள கலப்பையை இந்த வண்டி இழுக்கும். காய்ந்த களிமண்ணில் திணறினால் இரண்டு கொத்தைக் கழற்றிவிட்டு ஏழில் ஓட்டுங்கள். முன்வரிசை மட்டும் ஆழமாக இறங்கினால் டாப் லிங்க்கை நீட்டுங்கள். பின்வரிசை இறங்கினால் குறுக்குங்கள். இரண்டு மூன்று திருகிலேயே வித்தியாசம் தெரியும். அந்த இரும்புக் கைகளைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் சங்கிலி கலப்பைக்குக் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம். சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டருக்கு ஆடாமல் இறுக்க வேண்டும்.

ரோட்டவேட்டர் எங்களுடையது நாலடி. ஆறடி வாங்கி வண்டியை வதைக்காதீர்கள். இஞ்சின் விசையை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. வேட்டி முனையோ துண்டோ சிக்கினால் கையால் இழுத்து மீட்க நேரமே இருக்காது. தண்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது. புல் சிக்கினால் இஞ்சினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். என் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

சேறடிக்கக் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டினால், வேலை முடிந்த மறுநாள் காலையில் எண்ணெயைப் பாருங்கள். இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். அச்சு சீல் வழியாகத் தண்ணீர் போயிருந்தால் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருக்கும். அப்படியே ஓட்டினால் முதலில் கலப்பை தூக்குவது தளரும், அப்புறம் பம்ப்பே போய்விடும். எண்ணெயை மாற்றி, சீலையும் பார்த்துவிடுங்கள்.

இழுவைக்கு வருகிறேன். 2018-இல் கஜா புயல் சாய்த்த தென்னங்கட்டைகளைப் பிடுங்கும்போது, உயரமாக இருக்கிறதே என்று டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலியைக் கோத்தேன். உழும்போது அந்த இடத்தில் வண்டியை முன்னால் தள்ளும் விசைதான் விழும். கட்டையோ பின்னால் இழுத்தது. கிளட்சை விட்டதும் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. கிளட்சை மறுபடி மிதித்ததால் பிழைத்தேன். ஒரு நொடி தாமதித்திருந்தால் வண்டி என் மேல் கவிழ்ந்திருக்கும்.

சங்கிலியைப் பின் அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கட்டையில் மட்டும் கோத்துவிடுங்கள். அதற்கும் தென்னங்கட்டை அசையவில்லை என்றால் இறங்கி வேரைச் சுற்றி இன்னும் கொஞ்சம் மண் வெட்டுங்கள்.