வெளிநாட்டுப் பேரிடருக்குச் சென்னையிலிருந்து உதவ: அரசுக்கு எது, நமக்கு எது

வெளிநாட்டில் நிலநடுக்கம் என்று செய்தி வந்த அன்று மாலையே அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் "பழைய துணி, போர்வை சேகரிக்கிறோம்" என்று ஒரு தகவல் வந்து விழும். முதல் வேலை, அதை நிறுத்துவது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் தொடாமல் கிடந்த துணிக் குவியல்களை நாம்தான் பார்த்தோமே. உள்ளூரிலேயே அந்தக் கதி.

அடுத்து நாட்களை எண்ணுங்கள். முதல் மூன்று நாள் இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கும் நேரம்; அது அரசின் வேலை. ராணுவ விமானம், மோப்ப நாய், கான்கிரீட் வெட்டும் கருவி, அந்த நாட்டின் அனுமதி எல்லாம் ஒன்றாகச் சேருவது அரசிடம்தான். 2015இல் நேபாளத்துக்கு ஆபரேஷன் மைத்ரி, 2023இல் துருக்கிக்கு ஆபரேஷன் தோஸ்த், 2025இல் மியான்மருக்கு ஆபரேஷன் பிரம்மா என்று இந்தியா போனது அப்படித்தான். அந்த வாரத்தில் சொந்தமாக டிக்கெட் எடுத்துக் கிளம்பும் தன்னார்வலர், அங்குள்ளவர்களின் சோற்றிலும் படுக்கையிலும் பங்கு கேட்கத்தான் போகிறார்.

ஆனால் அரசு, அழைத்த இடத்துக்கு மட்டுமே போகும். 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் துருக்கிக்கு உடனே குழுக்கள் குவிந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம், கிளர்ச்சியாளர் வசமிருந்த வடமேற்கு சிரியாவுக்கு ஐ.நா.வின் முதல் உதவி வண்டிகள் நுழைந்தது 9ஆம் தேதிதான். அதுவரை இடிபாட்டைத் தோண்டியவர்கள் வெள்ளைத் தலைக்கவசக்காரர்கள் என்று பெயர்பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர்கள். தனியார் பணம் போக வேண்டியது இப்படி அரசின் கை எட்டாத இடங்களுக்கு. மாநில அரசுக்கே இதில் வரம்பு உண்டு: 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கைக்கு 40,000 டன் அரிசி தர முன்வந்த தமிழ்நாடு, சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, ஒன்றிய அரசின் ஒப்புதல் பெற்றுத்தான் கப்பலை அனுப்ப முடிந்தது.

பணம் அனுப்புவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தெரிந்த அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டால் அது வெளிநாடு போய்ச் சேரும் என்று நினைக்கிறோம். இங்குள்ள அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கே, பணத்தை இந்தியாவுக்குள் செலவிட்டால்தான். வெளிநாட்டில் செலவிட மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி ஆணை வேண்டும். அந்த ஆணையின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள். "எங்களிடம் எஃப்சிஆர்ஏ இருக்கிறது" என்ற பதில் செல்லாது. அது வெளிநாட்டுப் பணத்தை உள்ளே வாங்குவதற்கான அனுமதி, வெளியே அனுப்புவதற்கானது அல்ல.

நேரடியாக அனுப்ப ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் (தாராளமயப் பணம் அனுப்பும்) திட்டம் இருக்கிறது. ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பான் எண், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவம், பெறும் அமைப்பின் கணக்கு எண், அதன் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு தேவை. பணம் எதற்காகப் போகிறது என்று காட்டும் நோக்கக் குறியீட்டைப் படிவத்தில் கவனித்துப் போடுங்கள்: வெளிநாட்டு அறநிறுவனத்துக்கு எஸ்1303, வெளிநாட்டு அரசுக்கு எஸ்1304. கட்டணத்தை யார் ஏற்பது என்ற கட்டத்தில் அனுப்புபவர் என்று குறிக்காவிட்டால், இடையில் உள்ள வங்கிகள் வெட்டியது போக மிச்சம்தான் சேரும். ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். வரிக்கணக்கில் அதைச் சரிக்கட்டலாம். 80ஜி என்று அறியப்படும் நன்கொடை வரிக் கழிவு இதற்குக் கிடையாது.

ஐந்நூறு, ஆயிரம் அனுப்ப இந்த வழி கட்டாது, கட்டணமே தின்றுவிடும். அதற்காகப் பத்துப் பேர் பணத்தை ஒருவர் கணக்கில் போட்டும் அனுப்பக் கூடாது. 'இது என் சொந்தப் பணம்' என்று அவர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், டிசிஎஸ்ஸும் அவர் பான் மீதே விழும். சிறு தொகை என்றால், அந்த நாட்டுச் செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கத்தின் தளத்திலேயே கார்டில் கட்டுங்கள். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்பே திறந்து வைத்திருக்க வேண்டும். தனிநபர் பெயரில் சுற்றும் யுபிஐ எண் எதற்கும் ஒரு ரூபாயும் வேண்டாம்.

பொருளாகத்தான் தர வேண்டும் என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர் என்பது நிவாரண முகாம்களின் குறைந்தபட்ச அளவு. ஆயிரம் பேருக்கு 15 டன். முழு எடை ஏற்றிய ஒரு 20 அடி கண்டெய்னர் தண்ணீர் இரண்டு நாளுக்குக்கூடக் காணாது. அதே 15,000 லிட்டரை, 20 லிட்டருக்கு ஒன்று என்ற குளோரின் மாத்திரை 750 போட்டு அங்கேயே சுத்தம் செய்யலாம். அது ஒரு கைப்பைக்குள் அடங்கும். ஆகவே கேட்ட பொருளை மட்டும், கேட்டவர் பெயருக்கே அனுப்புங்கள். இலங்கை என்றால் நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையிலுள்ள துணைத் தூதரகத்தில் விசாரித்து, தேவைப் பட்டியலையும் பெறுநர் பெயரையும் எழுத்தில் வாங்குங்கள். சுங்க வரி விலக்கைப் பெற வேண்டியவர் பெறுநர்தான். அது கைக்கு வராமல் சரக்கை ஏற்றினால் துறைமுகத்தில் தேங்கி நாள் வாடகை ஏறும், சில நேரம் சரக்கின் விலையையே தாண்டும். மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும், நிறுவனம் வைத்த பெயர் மட்டுமல்லாமல் மருந்தின் பொதுப் பெயரும் லேபிளில் இருக்க வேண்டும். வீட்டில் மிச்சமான மாத்திரை அட்டைகள் குப்பைக்குத்தான் போகும். குழந்தைகளுக்கான பால் மாவும் வேண்டாம். கெட்ட தண்ணீரில் கரைத்தால் வயிற்றுப்போக்கில் முடியும்.

தொகையைப் பிரித்துக் கொடுப்பது நல்லது. முதல் வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும், அப்போது எல்லோரும் கொடுப்பார்கள். தொலைக்காட்சி வேறு செய்திக்குப் போன பிறகுதான் கூரை, பள்ளிக்கூடம், விதை நெல் என்று செலவு தொடங்கும். ஆவணம் இல்லாததால் அரசுப் பட்டியலில் விடுபட்ட குடும்பங்களும் அப்போதுதான் தெரிய வரும். மூன்றாம் மாதத்தில் ஐ.நா.வின் நிதிக் கண்காணிப்புத் தளத்தைத் திறந்து, அந்தப் பேரிடருக்குக் கேட்ட தொகையில் எந்தத் துறைக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று பாருங்கள். எது காலியாக இருக்கிறதோ அந்த வேலையைச் செய்யும் அமைப்புக்கு மீதியை அனுப்புங்கள்.