ஸ்ட்ராபெர்ரி டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

போன ஜனவரியில் கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது சாலையோரம் இரண்டு டப்பா ஸ்ட்ராபெர்ரி வாங்கினேன். பின் சீட்டில், வெயில் விழும் பக்கமாக வைத்திருந்தேன். வத்தலக்குண்டு வருவதற்குள் கார் முழுக்க ஜாம் வாசனை. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் திறந்தால் பாதிப் பழங்களின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாகப் பூசணம். வெயில், ஈரம், மூடிய டப்பா, பிரிக்காத அழுகல் பழம் என நான் செய்த தப்பு நாலு. முதல் தடவை வாங்குகிறவர்கள் அந்த நாலையும் தவிர்க்கத்தான் இந்தப் பதிவு.

படி 1: கடையில்

மாம்பழத்தை வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கிற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். ஸ்ட்ராபெர்ரியிடம் அது நடக்காது. பறித்த பிறகு அது பழுக்காது. ஓரிரு நாளில் சிவப்பு கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் இளகலாம், ஆனால் இனிப்பு ஏறாது. அதனால் காம்பை ஒட்டிய தோள் பகுதி வெள்ளையாக இருக்கும் பழத்தை விட்டுவிடுங்கள். காம்பு வரைக்கும் சிவந்திருக்க வேண்டும். மேலே இருக்கும் பச்சைக் குல்லா வாடாமல் நிமிர்ந்திருக்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோனால் மணம் வர வேண்டும். பெரிய பழம்தான் ருசி என்று நினைக்காதீர்கள், சிறிய பழங்கள் பல நேரம் அதைவிட இனிக்கும்.

அப்புறம் முக்கியமான வேலை, டப்பாவைத் தலைகீழாகத் திருப்புவது. கடைக்காரர் அழகான பழங்களை மேல் வரிசையில் அடுக்கியிருப்பார், கதை எல்லாம் அடியில் இருக்கும். அடித்தட்டில் சிவப்புச் சாறு கசிந்து கறை படிந்திருந்தால் ஏதோ ஒன்று நசுங்கியிருக்கிறது. அந்த டப்பாவை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் பக்கம்தான் இந்தியாவில் இதற்குப் பேர் போன இடம். 2010ல் அந்த ஊர்ப் பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே டிசம்பரிலிருந்து மார்ச் வரை அமோக விளைச்சல், நம் ஊர்க் கடைகளில் வாங்க நல்ல நேரமும் அதுதான்.

படி 2: வந்த கையோடு பிரிப்பது

இதைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு பழத்தில் பூசணம் இருந்தால் ஒட்டியிருக்கும் பழத்துக்கு ஒரே ராத்திரியில் பரவிவிடும். டப்பாவை ஒரு தட்டில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். பூசணம் பிடித்தது நேராகக் குப்பைக்கு. பழம் மெத்தென்று இருப்பதால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதாது. நசுங்கியதை, கனிந்துபோனதை அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். கெட்டியாக இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஃப்ரிட்ஜில் வைப்பது

கழுவ வேண்டாம், காம்பையும் கிள்ள வேண்டாம். அகலமான பாத்திரத்தில் டிஷ்யூ பேப்பரோ மெல்லிய பருத்தித் துணியோ விரித்து, பழங்களை ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். மூடியை லேசாகத் திறந்தாற்போல் வையுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும். இப்படி வைத்தால் இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும்.

படி 4: கழுவுவது

சாப்பிடும் நேரத்தில்தான். குல்லாவோடு சேர்த்து ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அதற்குப் பிறகு காம்பை எடுங்கள். முதலில் எடுத்தால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே போய் ருசி சப்பென்று ஆகிவிடும். தோலை உரிக்க முடியாத பழம் என்பதால் விரலால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டவே வேண்டாம்.

சரி, இவ்வளவு பாடுபடுவதற்கு என்ன கிடைக்கிறது?

100 கிராம் என்றால் நடுத்தர அளவில் எட்டுப் பழம். அதில் ஏறக்குறைய 91 கிராம் தண்ணீர்தான். கலோரி 32, சர்க்கரை 5 கிராமுக்குள், நார்ச்சத்து 2 கிராம். வைட்டமின் சி மட்டும் 59 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, அதுவே ஒருவருக்கு ஒரு நாள் தேவையில் பெரும்பகுதி. ஃபோலேட் என்கிற பி வைட்டமினும் கொஞ்சம் உண்டு. கேழ்வரகு, கீரை போன்றவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். அதனால் சாப்பாட்டோடு நாலு பழம் சேர்த்துக்கொள்வது நல்ல யோசனை.

ஆனால் வைட்டமின் சிக்காக மட்டும் இதை வாங்குகிறீர்கள் என்றால், பாதி விலைக்குக் கிடைக்கும் கொய்யாவும் நெல்லிக்காயும் பல மடங்கு தரும். நான் வாங்குவது ருசிக்காக, ஒளிப்பானேன்! க்ரீமும் சர்க்கரையும் கொட்டித் தின்றால் மேலே சொன்ன கலோரிக் கணக்கு செல்லாது.

சிலருக்கு இந்தப் பழம் வாயில் அரிப்பைத் தரும், குழந்தைகளுக்கு முதல் முறை ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள். இன்னொரு வேடிக்கை: தாவரவியல் கணக்கில் ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே இல்லை, கத்தரிக்காய்தான் பெர்ரி!

படி 5: மிஞ்சினால் ஃப்ரீசர்

கழுவி, துணியில் ஒற்றி, ஈரமே இல்லாமல் காய விடுங்கள். காம்பை எடுத்துவிட்டுத் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். கல் மாதிரி ஆனதும் ஜிப் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். நேராகக் கவரில் போட்டால் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு, உடைக்கச் சப்பாத்திக் கட்டை தேட வேண்டியிருக்கும். சில மாதங்கள் தாங்கும், கவர் மேல் தேதி எழுதிவிடுங்கள். உருகினால் பழம் தொளதொளத்துவிடும், அப்படியே சாப்பிட லாயக்கில்லை. உறைந்தபடியே தயிரோடு மிக்ஸியில் அடித்தால் ஐஸ் போடாமலே லஸ்ஸி தயார்.