வீணையை உறையில் இட்டுவிட்டுப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பலாமா? கலை பயின்ற தாய்மார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினாறு ஆண்டுகளாக வீட்டில் வீணை சொல்லிக்கொடுத்து வருகிறேன். பிள்ளைகளை என்னிடம் அழைத்து வரும் தாய்மாரில் பலர் ஒரு காலத்தில் தாமே பாடியவர்கள், ஆடியவர்கள் அல்லது படம் வரைந்தவர்கள். "நானும் பாட்டுல வர்ணம் வரைக்கும் கத்துக்கிட்டேன் டீச்சர், கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுப்போச்சு, இவளாவது நல்லா வரணும்" என்று முதல் நாளே சொல்லாதவர் அரிது. "விட்டுப்போச்சு" என்பதும் "இவளாவது" என்பதும் கேட்பதற்கு வெவ்வேறு செய்திகளாகத் தோன்றினாலும், இரண்டும் ஒரே தவறின் இரு முனைகள் என்றே நான் கருதுகிறேன். தாய் தன் கலையைக் கைவிட்ட வீட்டில் பிள்ளைக்கு அந்தக் கலை ஒரு பாடமாகவே வந்து சேருகிறது. தாய் அதை விடாமல் வைத்திருக்கும் வீட்டில், சோறும் பேச்சும் போல அன்றாடத்தின் பகுதியாக வந்து சேருகிறது.

"பிள்ளை கொஞ்சம் வளரட்டும், பிறகு தொடங்கலாம்" என்று தள்ளிவைப்பதுதான் எல்லாவற்றுக்கும் மூலமான தவறு. அதை நானும் செய்திருக்கிறேன். வீணை வாசிப்பவர்களின் இடக்கைச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் தந்தி அழுந்தி அழுந்தி ஒரு கறுத்த கோடு விழுந்திருக்கும். அந்த இடத்தில் தோல் காய்ப்பேறி இருப்பதால்தான் தந்தியை இழுத்து, ஸ்வரத்தை அசைக்கும் கமகம் பிடிக்க முடிகிறது. என் மகள் பிறந்தபின் ஏழு மாதங்கள் நான் வீணையைத் தொடவில்லை. ஏழாம் மாதம் உறையைக் கழற்றியபோது சாரணி எனும் முதல் தந்தியில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறியிருந்தது. விரலில் கோடு இருந்த இடம் குழந்தையின் கன்னம் போல வழவழத்திருந்தது. தொடக்கப் பாடமான ஜண்டை வரிசையை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், முடிப்பதற்குள் விரல் எரியத் தொடங்கிவிட்டது. பத்து வயதில் ஒருமுறை பட்ட அந்த எரிச்சலை முப்பது வயதில் மறுபடியும் பட வேண்டியிருந்தபோது, விட்டுவிடலாம் என்ற எண்ணம் எவ்வளவு எளிதாக வருகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அந்த ஏழு மாதங்களில் எனக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கிடைக்காதது, திருமணத்துக்கு முன் பழகியிருந்த இரண்டு மணி நேரம். அது கிடைக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன், அது வரவில்லை. நாள்தோறும் பத்து நிமிடம் சரளி வரிசையோ ஓர் அலங்காரமோ வாசித்திருந்தாலே விரல் தன் காய்ப்பை இழந்திருக்காது என்று இப்போது என்னிடம் வரும் இளந்தாய்மாரிடம் சொல்கிறேன். பாடுபவர்களுக்கும் இது பொருந்தும், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு: பிரசவத்துக்குப் பின் வயிற்றுத் தசைகள் தளர்ந்திருக்கும் என்பதால் மூச்சு முன்போல் நிற்காது. பழைய ஸ்தாயியையும் பழைய வேகத்தையும் உடனே எட்ட முயன்று தொண்டையை வருத்திக்கொள்ளாமல், மந்தரத்தில் தாழ்ந்த குரலில் சிறிது நேரம் பாடிவரலாம். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் சம்மணமிட்டு வீணையை மடியில் தாங்குவதற்கும், ஆடுபவர்கள் முழங்கால் மடித்து அரைமண்டியில் அமர்வதற்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வதே முறை.

கலையின் அளவையும் வடிவத்தையும் நம் அன்றைய வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதில் இழிவு ஏதும் இல்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் தம் முதல் நாடகத்தைச் சரளமாக எழுதும் பயிற்சி இல்லாத நிலையில், தாம் சொல்லச் சொல்லத் தோழி ஒருவரை எழுதச் செய்து 1924ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்தார். எழுதக் கற்று முடித்தபின் தொடங்கலாம் என்று அவர் காத்திருந்தால், பின்னாளில் ஜகன்மோகினி இதழையும் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களையும் தமிழுக்குத் தந்தவரை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

அடுத்த தவறு, நல்ல எண்ணத்தோடு செய்யப்படுவதால் எளிதில் கண்ணில் படுவதில்லை. பிள்ளை உறங்கியபிறகு, அல்லது பள்ளிக்குப் போனபிறகு மட்டும் சாதகம் செய்யும் தாய்மார் உண்டு. குறுக்கீடு இருக்காது, மனம் ஒன்றும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை தன் தாய் தடுமாறுவதையும், பாட்டின் ஒரே சங்கதியை இருபது முறை திருப்பித் திருப்பி வாசிப்பதையும், இருபத்தோராவது முறை அது பிடிபட்டபோது அவள் முகம் மலர்வதையும் காண்பதே இல்லை. மேடையில் குற்றமின்றி நிகழும் கச்சேரியைப் பிள்ளை எங்கு வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பிழை திருத்தும் சாதகத்தை வீட்டில் மட்டுமே பார்க்க முடியும்.

என் மகளுக்கு இரண்டு வயதானபோது நான் வாசிக்க உட்கார்ந்தாலே ஓடிவந்து தந்திகளைப் பிடித்து இழுப்பாள். வீணைத் தண்டின் மெட்டுகளைப் பதித்திருக்கும் மெழுகை நகத்தால் சுரண்டுவாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தேன்; வெளியே அவள் அழுத அழுகையில் ஸ்ருதியே கேட்கவில்லை. பிறகு ஒருநாள் அவளை என் வலப்பக்கம் உட்காரவைத்து, வீணையின் பக்கவாட்டில் உள்ள மூன்று தாளத்தந்திகளை அவளிடம் ஒப்படைத்தேன். "இது உன்னுது, மத்த நாலும் அம்மாவோடது" என்றேன். அவள் தட்டியதில் தாளம் இல்லை. சில நாட்கள் என் வாசிப்பையே கலைத்தது. ஆயினும் அந்த மூன்று தந்திகளும் ஸ்ருதி சேர்த்தவை ஆதலால் அவள் எப்படித் தட்டினாலும் நாதம் பிழையாக ஒலிக்கவில்லை. ஆறு மாதங்களுக்குப் பின், நான் அலங்காரம் வாசிக்கையில் அவள் சுண்டுவிரல் தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து விழத் தொடங்கியது. அதை நான் சொல்லித்தரவில்லை. ஓவியம் வரையும் தாய்மார் தம் பலகைக்குக் கீழே பிள்ளைக்கென ஒரு தாளை ஒட்டிவைக்கலாம். மார்கழியில் வாசலில் சிக்குக் கோலம் இடுபவர் ஓரத்தில் நாலு புள்ளியைப் பிள்ளைக்கு விட்டுவைக்கலாம். குறுக்கீடு முற்றிலும் நீங்காது, ஆனால் பிள்ளைக்கும் அங்கே ஓர் இடம் உண்டாகிவிடும்.

இசை மரபுள்ள குடும்பங்களில் இது தானாகவே நிகழ்ந்தது. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பதைக் கேட்க அந்நாளின் பெரிய வித்வான்களே வந்து அமர்ந்தார்கள். அவருடைய மகள் ஜெயம்மாள் பாடகி; பேத்தி பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி. 1925இல் காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் பாலசரஸ்வதி அரங்கேறியபோது அவருக்கு வயது ஏழு. அந்த ஏழு வயதை மட்டும் பிடித்துக்கொண்டு, "பாலம்மாவே ஏழு வயசுல அரங்கேற்றம் பண்ணலையா?" என்று கேட்டு, எட்டு வயதுப் பிள்ளைக்கு மண்டபம் பார்க்கத் தொடங்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். ஏழு வயதுக்கு முன் அந்தக் குழந்தையின் காதில் நாள்தோறும் என்ன விழுந்துகொண்டிருந்தது என்பதையும், கந்தப்பப் பிள்ளை போன்ற ஓர் ஆசான் அதற்கு முன்னரே எத்தனை ஆண்டு பயிற்றுவித்தார் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பெண்களே கலைஞர்களாக இருந்து கலையாலேயே நடந்த குடும்பம் அது. அலுவலகம் போய் வந்து இரவு மாவரைக்கும் ஒரு தாய், அந்தக் குடும்பத்தோடு தன்னை ஒப்பிட்டு மனம் நோகவும் தேவையில்லை. அதன் கால அளவைத் தன் பிள்ளைமேல் சுமத்தவும் கூடாது.

அக்குடும்பத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்க வேறொரு செய்தி உண்டு. தனம்மாளின் மற்றொரு மகள் காமாட்சி அம்மாளின் பெண்களான பிருந்தாவும் முக்தாவும், வீட்டிலேயே அத்தகைய சங்கீதம் இருந்தும், காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையிடம் சென்று பாடம் கேட்டார்கள். தாயே முழுநேர ஆசிரியராகிவிடுவது தவறு என்று நான் சொல்லும்போது இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். "சாப்பிட வா" என்று அழைத்த அதே குரல் அடுத்த நொடி "ரிஷப ஸ்வரம் சேரவில்லை" என்று சொன்னால், பிள்ளைக்கு ரிஷபம் காதில் விழுவதில்லை, அம்மாவுக்குக் கோபம் என்பது மட்டுமே விழுகிறது. என் மகளுக்கு நான் சரளி வரிசை தொடங்கி நான்கே மாதத்தில், அவள் வீணையைக் கண்டால் வயிறு வலிக்கிறது என்று சொல்லும் நிலை வந்தது. வேறோர் ஆசிரியரிடம் அனுப்பினேன். அவர் சொன்னவற்றில் புதியது எதுவும் இல்லை. என் மாணவர்களுக்கு நான் சொல்வதையே அவரும் சொன்னார். அவளுக்கு வயிற்றுவலி நின்றது. பாடம் வெளியே, கேட்டுக் கேட்டு வரும் கேள்வி ஞானம் வீட்டில் என்று பிரித்துக்கொண்டபின் நான் அவளுக்கு மீண்டும் அம்மாவானேன்.

"இவளாவது" என்ற சொல்லைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். கர்நாடக இசைப் பாடகி டி.கே. பட்டம்மாளின் தாயார் நன்றாகப் பாடத் தெரிந்தவர். ஆனால் உறவினர் முன்னிலையில்கூடப் பாட அக்காலக் கட்டுப்பாடு இடம் தரவில்லை. மகள் மேடையேறினார். அந்தத் தலைமுறைத் தாய்க்கு மகள் மூலமாகப் பாடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கிறது. இருந்தும் நம் ஆசையை நாமே நிறைவேற்றிக்கொள்ளாமல் பிள்ளையின் தோளில் ஏற்றினால், தன் கலையோடு அம்மாவின் கலையையும் அது சுமக்க வேண்டியதாகிறது. எதில் பிழை செய்தாலும் அம்மாவின் வாழ்க்கையையே தான் கெடுத்துவிட்டதாக அது எண்ணிக்கொள்கிறது.

பரிசுக்கும் சான்றிதழுக்கும் ஆசைகாட்டிப் பழக்குவது இன்னொரு தவறு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் தாமாகவே வரைவதில் விருப்பம் காட்டியவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு சாராரிடம் மட்டும் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்கள் கழித்து, எதுவும் சொல்லாமல் வண்ணப் பேனாக்களை வகுப்பில் வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு அந்தக் குறைவு ஏற்படவில்லை. ஆகவே, பாடி முடித்த பிள்ளைக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தால் கெட்டுவிடாது. பாடினால்தான் மிட்டாய் என்பதே கெடுப்பது. கொலுவுக்கு வந்தவர்கள் முன் "ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்று நிறுத்துவதையும், பிள்ளை வாயைத் திறந்தவுடன் கைப்பேசியைத் தூக்கிப் படம்பிடிப்பதையும் இந்த வகையிலேயே நான் சேர்க்கிறேன்.

மூன்று, நான்கு வயதில் பிள்ளை மனிதனை வரைந்தால் ஒரு வட்டமும் அதிலிருந்தே நேரே இறங்கும் இரண்டு கோடுகளும்தான் இருக்கும், உடம்பு இராது. அது வளர்ச்சியின் இயல்பான படி. "உடம்பு எங்கே?" என்று கேட்டுத் திருத்த வேண்டியதில்லை, "இது யாரு?" என்று கேட்டால் கதை வரும். திங்கள் பரதம், செவ்வாய் ஓவியம், புதன் கீபோர்டு என்று வாரத்தை நிரப்புவதும் வேண்டாம். சலிப்புற்றுச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் பிள்ளை தானாக ஒன்றைத் தேடிப் போகிறது.

வீட்டு வேலையைப் பற்றிப் பேசாமல் இதையெல்லாம் சொல்வது நேர்மையாகாது. என் சாதக நேரத்தை நான் பல ஆண்டுகள் மற்றவர்களின் தயவாகவே கேட்டுப் பெற்றேன்: "அத்தை, கொஞ்சம் பாத்துக்கறீங்களா, அரை மணி நேரம்தான்." தயவாகக் கேட்ட நேரம் எந்த நாளும் பறிபோகக்கூடியது. விருந்தாளி வந்தால் போகும், காஸ் தீர்ந்தால் போகும். மாலை ஆறு முதல் ஆறரை வரை எனக்கு என்று வீட்டில் அறிவித்து, அந்நேரம் காபியும் பிள்ளையும் என் கணவர் பொறுப்பு என்று பேசி முடித்தபிறகே அது நிலைத்தது. முதல் சில வாரங்கள் குற்ற உணர்வு இருக்கும். பொங்கி வழிந்த பாலை யார் துடைப்பது என்ற கேள்விக்கும் நடுவே எழுந்து போகாமல் இருக்கப் பழக வேண்டும். பாதியில் எழுந்து போனால், அந்த நேரம் உங்களுடையதல்ல என்று நீங்களே வீட்டாருக்குச் சொல்லிவிட்டீர்கள்.

கடைசியாக, பிள்ளை விலகும் காலம். பதின்மூன்று, பதினான்கு வயதில் பலர் நிறுத்துகிறார்கள். அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு, கட்டிய கட்டணத்தையும் போன வெயிலையும் சொல்லிக்காட்டுவது கதவை வெளியிலிருந்து பூட்டுவதற்குச் சமம். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தினாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன், "பிடிக்கலை" என்றாள், வகுப்புக்குச் சொல்லி நிறுத்திவிட்டோம். ஆறு மணிக்கு நான் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளறையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். ஒன்பது மாதம் அப்படிப் போனது. ஒரு மாலை தோடி ராகத்தை வாசித்துக்கொண்டிருந்தேன், உள்ளிருந்து குரல் வந்தது: "நேத்து அந்தக் காந்தாரம் இன்னும் கீழேருந்து வந்துச்சும்மா."