தீர்ப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழக்கறிஞர் வேலைக்கு நடுவே, நீதிமன்றச் செய்திகளுக்கு விளக்கம் எழுதப் புதிதாக வருகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். நாங்கள் எழுத வந்த காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். நீதிபதி பெயரைத் தப்பாக எழுதுவது, மனுதாரரையும் எதிர்மனுதாரரையும் மாற்றிப் போடுவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அவை ஒருமுறை சுட்டிக்காட்டினாலே திருந்திவிடும்.

விசாரணையில் பேசியதைத் தீர்ப்பாக்குவது

வாதத்தின் நடுவே நீதிபதி கேட்கும் கேள்வி, வழக்கறிஞரைச் சீண்டிப் பார்ப்பதற்காகவும் இருக்கலாம். 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையின்போது, தேர்தல் ஆணைய அதிகாரிகள் மீது கொலை வழக்கே போடலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். அந்தக் கருத்தை நீக்கச் சொல்லி ஆணையம் உச்ச நீதிமன்றம் வரை போனது. வாய்மொழிக் கருத்து நீதிமன்றப் பதிவிலேயே இல்லை, இல்லாததை எங்கிருந்து நீக்குவது என்பதுதான் அங்கே கிடைத்த பதில். விசாரணையில் பேசப்படுவதை ஊடகங்கள் வெளியிடத் தடை போடவும் அதே தீர்ப்பு மறுத்தது. ஆக, தாராளமாக எழுதலாம். ‘கேட்டார்’ என்று எழுதுங்கள், ‘உத்தரவிட்டார்’ என்று எழுதாதீர்கள்.

இடைக்காலத் தடையை ‘ரத்து’ என்று எழுதுவது

மூன்று வேளாண் சட்டங்களை 2021 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்தித்தான் வைத்தது. ரத்து செய்தது நாடாளுமன்றம், அந்த ஆண்டுக் கடைசியில்.

எஸ்.எல்.பி. (சிறப்பு அனுமதி மனு) தள்ளுபடியானால் ‘உறுதி செய்தது’ என்று எழுதுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. ‘உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது’ என்று தலைப்பு இருக்கும். உத்தரவை எடுத்துப் பார்த்தால் மூன்றே வரி: வாதத்தைக் கேட்டோம், தலையிடக் காரணம் எதுவும் தெரியவில்லை, சிறப்பு அனுமதி மனு தள்ளுபடி.

அரசமைப்புச் சட்டத்தின் 136-ஆவது பிரிவில் போடும் இந்த மனுவுக்கு இரண்டு கட்டம் உண்டு. முதலில், மேல்முறையீடு செய்ய அனுமதி கொடுங்கள் என்று கேட்க வேண்டும். கொடுத்தால்தான் மேல்முறையீடு என்ற ஒன்றே பிறக்கும். முதல் கட்டத்திலேயே காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்துவிட்டால், ‘இதில் நாங்கள் தலையிடவில்லை’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உயர் நீதிமன்றம் சொன்னது சரி என்று யாரும் சொல்லவில்லை. 141-ஆவது பிரிவின்படி நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் சட்டமாகவும் அது ஆகாது. குஞ்ஞயம்மது எதிர் கேரள அரசு வழக்கில் 2000-இலேயே மூன்று நீதிபதிகள் இதைப் பிட்டுப்பிட்டு வைத்துவிட்டார்கள். 2019-இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் இன்னொரு மூன்று நீதிபதி அமர்வும் அதையே திரும்பச் சொன்னது. அப்புறமும் ‘உறுதி செய்தது’ ஓயவில்லை.

ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர், மடிப்பெல்லாம் கிழிந்துபோன நாளிதழ்த் துண்டோடு என்னிடம் வந்தார். ‘உறுதி செய்தது’ என்ற இடத்துக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. வேறொரு மாநிலத்து உயர் நீதிமன்றம் ஓய்வூதிய விஷயத்தில் ஊழியர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, அந்த அரசின் எஸ்.எல்.பி. தள்ளுபடியான செய்தி. பக்கத்திலேயே ஒரு விளக்கக் கட்டுரை, இனி நாடு முழுவதும் இதுதான் சட்டம் என்று. இவருடைய ரிட் மனு இங்கே தனி நீதிபதியிடம் ஏற்கெனவே தோற்றிருந்தது. மேல்முறையீடு செய்ய 30 நாள் கெடு. ‘உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே சார், அப்புறம் எதற்கு அப்பீல்?’ என்று, அந்தத் துண்டை நகலெடுத்து இணைத்துத் துறைக்கு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த உத்தரவு அந்த வழக்கின் தரப்பினருக்கு மட்டுமே பொருந்தும் என்று துறையிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தபோது கெடு எப்போதோ முடிந்திருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடுதான் அப்பீலையே தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று. தாமதத்துக்கான காரணம் என்று ‘ஒரு கட்டுரையை நம்பினேன்’ என்றா எழுத முடியும்?

இதைக் கண்டுபிடிக்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. வழக்கு எண்ணைப் பாருங்கள். கடைசிவரை எஸ்.எல்.பி. எண்ணிலேயே இருந்தால் அனுமதிக் கட்டத்திலேயே கதை முடிந்தது. ‘லீவ் கிராண்டட்’ (அனுமதி வழங்கப்பட்டது) என்று எழுதி சிவில் அப்பீல் எண் வந்திருந்தால் விஷயமே வேறு; அந்த அப்பீலில் வரும் முடிவோடு உயர் நீதிமன்றத் தீர்ப்பு இணைந்துவிடும், அதாவது அதன்பின் உச்ச நீதிமன்றத்தின் முடிவுதான் நிற்கும். எஸ்.எல்.பி.யைத் தள்ளும்போதே நீதிபதிகள் காரணமும் எழுதியிருந்தால், அங்கே சொன்ன சட்டம் கட்டுப்படுத்தும், உயர் நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் இணையாது. சட்டக் கேள்விக்கு விடை சொல்லாமல் விடுகிறோம் என்று உத்தரவின் கடைசியில் ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உங்கள் தலைப்பு அங்கேயே விழுந்துவிடும். ‘தலையிட மறுப்பு’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ‘உறுதி’யில் இருக்கும் கிக் இதில் இல்லை, அவ்வளவுதான்.

மாறுபட்ட தீர்ப்பில் வெற்றியாளரைத் தேடுவது

18 சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதிநீக்க வழக்கில், 2018 ஜூன் 14 அன்று, சபாநாயகரின் உத்தரவு செல்லும் என்றார் சென்னை உயர் நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி; செல்லாது என்றார் நீதிபதி எம். சுந்தர். தலைமை நீதிபதி என்பதால் அவர் சொன்னதற்கு எடை கூடாது. அன்றைக்கு எதுவும் முடிவாகவில்லை. மூன்றாவது நீதிபதி எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று ‘செல்லும்’ என்ற பிறகுதான் முடிவானது.

சட்டம் நிறைவேறியதும் ‘இனி’ என்று தொடங்குவது

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2019, 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று. ஆதரியுங்கள், எதிர்த்துக் கிழியுங்கள், அது உங்கள் கருத்து. சட்டம் எந்தத் தேதியிலிருந்து அமல் என்பது கருத்து இல்லை, அரசிதழில் இருக்கிறது.

பிரிவு எண்

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது 2024 ஜூலை 1 அன்று; குற்றம் நடந்தது அதற்கு முன்பா பின்பா என்று பார்க்காமல் பிரிவு எண்ணை எழுதாதீர்கள்.