டக்ஸ்கிட்டாரில் கிட்டார் கிட்டாராகவே கேட்க

டக்ஸ்கிட்டார் என்கிற கிட்டார் இசை எழுதும் மென்பொருளில் டாப் (எந்தத் தந்தியை எங்கே அழுத்துவது என்று காட்டும் குறியீடு) எழுதி ஓடவிட்டால் பழைய கைபேசி மணி மாதிரிக் கேட்கிறதா? குற்றம் உங்களில் இல்லை, மிடி ஒலித்தொகுப்பில்தான், அதாவது எழுதிய ஸ்வரங்களைக் கணினி வாசிக்க எடுக்கும் ஒலிகளில்தான். எஸ்எஃப்2 வகை சவுண்ட்ஃபொன்ட் (வாத்திய ஒலிப்பதிவுகள் அடங்கிய கோப்பு) ஒன்றை இறக்குங்கோ. ஃபுளூயிட்ஆர்3 என்கிற ஒன்று இலவசம், ஆனால் 100 எம்பிக்கு மேல், அதனால் யாழ்ப்பாணத்தில் டேட்டா கார்ட் போட்டு ஓட்டுகிற என்னைப் போன்றவர்கள் இரவு டேட்டாவுக்குக் காத்திருப்பது நல்லது. பிறகு டக்ஸ்கிட்டாரின் ஒலி அமைப்புகளில் அந்தக் கோப்பைக் காட்டுங்கோ.

அப்புறம் வாத்தியம். ஜெனரல் மிடி என்கிற வாத்திய எண் பட்டியலில் 25 நைலோன் தந்திக் கிட்டார், 26 ஸ்டீல் தந்திக் கிட்டார், 31 டிஸ்டோர்ஷன் (கரகரப்பான எலெக்ட்ரிக்) கிட்டார். 0இலிருந்து எண்ணும் மென்பொருளில் ஒன்று குறையும்.

இவ்வளவும் செய்தும் உயிர் வராது, ஏனென்றால் எல்லா ஸ்வரமும் ஒரே பலத்தில் விழுகிறது. கோர்ட்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின்) முதல் அடியைப் பலமாக, கீழிருந்து மேலே இழுக்கும் மேலடியை மெதுவாக வையுங்கோ, தேவையான இடத்தில் லெட் ரிங் (ஸ்வரத்தை நீள ஒலிக்க விடுவது), பாம் மியூட் (உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடிப்பது) போடுங்கோ. ரிவெர்ப் (எதிரொலி) கொஞ்சம் போதும். கூடினால் கோயில் லவுட்ஸ்பீக்கர்தான்.